துரை வண்டி அம்மன் வண்டியான கதை

 

நம்ம கோயில் லேண்ட் ரோவரை மறுபடி கட்டி எழுப்புற வேலை ஒருவழியா முடிஞ்சிருச்சு. இந்த எட்டு மாசமும் பல பேர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அறுபது வருஷத்துப் பழைய இரும்புக்கு ஏன் கோயில் காசைப் போடணும்? பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஹைலக்ஸ் வாங்கலாமே?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா அந்த வண்டியோட வரலாற்றையும் நம்ம தோட்டத்து வரலாற்றையும் சேர்த்துத்தான் சொல்லணும். பொறுமையா படிங்க.

லேண்ட் ரோவர் வசதியில் பிறந்த வண்டி இல்லை, பற்றாக்குறையில் பிறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச நேரம் இங்கிலாந்தில் இரும்புத் தகடு தட்டுப்பாடு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்குத்தான் அரசாங்கம் அதிக இரும்பை ஒதுக்கியது. சொகுசுக் கார் செஞ்சுக்கிட்டிருந்த ரோவர் கம்பெனி அதில் திணறியது. அதன் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள ஆங்கில்சீ தீவில் இருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சின ஒரு அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கிட்டிருந்தார். இதே மாதிரி நாமே ஒன்று செஞ்சா என்ன என்ற யோசனை அங்கேதான் வந்தது. 1947இல் ஜீப் சட்டத்தின் மேலேயே முதல் மாதிரி வண்டியைக் கட்டிப் பார்த்தாங்க. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகத்துக்குக் காட்டப்பட்டது.

இரும்பு கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செஞ்சாங்க. விலை உயர்ந்த அச்சு வார்க்கக் காசில்லாததால் தகடுகளை பெரும்பாலும் தட்டையாகவே வெட்டி வளைச்சாங்க. ராணுவத்தில் மிஞ்சின பச்சைப் பெயிண்டை அடிச்சாங்க. ரெண்டு மூணு வருஷம் தாக்குப் பிடிக்கட்டும்னு ஆரம்பிச்ச வண்டி அது. அந்த வம்சத்தின் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 2016 ஜனவரியில்! அன்றைக்குக் காசில்லாம எளிமையா செஞ்சதுதான் இன்றைக்கு நம்மைப் போன்றவங்களும் அதை ரிப்பேர் பண்ண முடியுறதுக்குக் காரணம்.

அதே 1948 ஜூன் மாசம்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் ஆச்சு. சுங்கை சிப்புட் பக்கம் மூணு ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த அறிவிப்பு அது. 1960 ஜூலை 31 வரைக்கும், பன்னிரண்டு வருஷம் நீடிச்சது. போலீஸ், ராணுவம், தோட்டத்துத் துரைமார் எல்லாருக்கும் செம்மண் பாதையில் ஓடுற வண்டி தேவைப்பட்டது. சில துரைமார் வண்டியில் இரும்புத் தகடு அடிச்சுக்கிட்டுத் தோட்டம் சுற்றினாங்க. நம்ம ஆட்களோ முள்வேலிக்குள்ளே. தள்ளித் தள்ளி இருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து, வேலி போட்டு, ஊரடங்கு வச்சாங்க. அரிசி கூட அளந்துதான்.

நம்ம கோயில் வண்டி அதுக்கு அப்புறம் வந்தது. சீரிஸ் 2ஏ, 109 இஞ்ச் ரகம். 1961க்கும் 1971க்கும் நடுவில் செஞ்ச வரிசை. பெட்ரோல் இஞ்சின், 2,286 சிசி. நம்ம தோட்டத்தில் அதுக்குப் பேரே 'துரை வண்டி'. துரை வண்டி எதிரே வந்தா சைக்கிளில் போறவங்க இறங்கி ஓரமா நிக்கணும். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் இருந்த வழக்கம் அது. இன்றைக்கு எண்பது வயசைத் தொடுற நம்ம பெரியவங்க அப்படி இறங்கி நின்னவங்கதான். அந்த வண்டியில் ஏறி உட்காருவோம்னு அவங்க கனவிலும் நினைச்சதில்லை.

1957இல் சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விக்க ஆரம்பிச்சாங்க. வாங்கினவங்க துண்டு துண்டா பிரிச்சு வித்தாங்க. தோட்டத் துண்டாடல்னு பெரியவங்க சொல்றது இதைத்தான். வேலையும் போச்சு, குடியிருந்த லயமும் போச்சு. அந்த நேரத்தில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். பால்மரம் வெட்டுற தொழிலாளி மாசம் 10 வெள்ளி, பத்து மாசம் கட்டினா 100 வெள்ளிக்கு ஒரு பங்கு. அப்படிச் சேர்ந்த காசில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினாங்க. கூலிக்காரன் தோட்டம் வாங்குவானான்னு சிரிச்சவங்க வாயடைச்சுப் போனாங்க.

நம்ம தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கல. பால்மரம் போய் செம்பனை வந்தது. தோட்டம் கை மாறியது. சனங்க பட்டணத்துப் பக்கம் போயிட்டாங்க. லயங்கள் இடிபட்டன. மிஞ்சினது ரெண்டுதான்: அம்மன் கோயில், ஓடாம கொட்டகையில் கிடந்த துரை வண்டி. 'எடுத்துக்குங்க' என்று நிர்வாகம் கோயிலுக்கே கொடுத்துட்டுப் போச்சு. அன்று முதல் அரிசி மூட்டை, விறகு, தண்ணி டிரம், பெரியவங்க எல்லாத்தையும் அதுதான் சுமந்தது. மெயின் ரோட்டில் இருந்து கோயிலுக்கு மூணு கட்டை தூரம். மழை பெஞ்சா சாதாரணக் கார் பாதியிலேயே புதைஞ்சிரும்.

வண்டி நின்னு போன பிறகு போன ஆடித் திருவிழாவில் என்ன ஆச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும். இளையவங்க நடந்து வந்துட்டாங்க. அந்தக் கோயிலைக் கட்டினவங்களும் அவங்க மனைவிமாரும் பெரும்பாலும் வரல. சனங்க வராத கோயிலில் விளக்கு எத்தனை நாள் எரியும்? எங்களைத் தூங்க விடாத கேள்வி அதுதான். வாகனம் பிறகு, வழிபாடு முதல்.

கையில் இருந்தது 12,000 வெள்ளி. சம்பந்தன் காலத்துக் கணக்கையே பின்பற்றி 10 வெள்ளி கூப்பன் போட்டுச் சேர்த்த காசு. செலவுக்கு ஒரு வரிசை வச்சோம். முதலில் உயிரைக் காப்பாத்துறது: பிரேக், ஸ்டீரிங், அடிச்சட்டம். அப்புறம் ஓட வைக்கிறது: இஞ்சின், கியர். கடைசியில்தான் அழகு.

அடிச்சட்டம் இரும்புத் தகட்டைப் பெட்டி மாதிரி ஒட்டிச் செஞ்சது. உள்ளே தண்ணி நின்னு உள்பக்கமிருந்தே துரு பிடிக்கும். சுத்தியலால் தட்டிக்கிட்டே போனோம். கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, மொத்துனு கேட்டா வெட்டி எடுக்கணும். புதுச் சட்டம் இங்கிலாந்திலிருந்து வரவழைச்சா நம்ம மொத்தக் காசும் அதுக்கே பத்தாது. அதனால் கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, 3 மில்லிமீட்டர் தகடு வச்சு வெல்டிங் செஞ்சோம். கால் வைக்கிற தரையும் அப்படித்தான்.

அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது. ஆனா இரும்போடு ஒட்டுற இடத்தில் ஈரம் பட்டா வெள்ளைப் பொடியா அரிச்சிரும். லோரியின் பழைய டியூபை வெட்டி நடுவில் வச்சு முடுக்கினோம். இஞ்சினில் சிலிண்டர் தேய்மானம் தாங்கும் அளவில்தான் இருந்தது. அதனால் அதைத் தொடல. வால்வுகளைப் பேஸ்ட் போட்டுக் கையாலேயே உட்கார வச்சு, ஹெட் கேஸ்கட்டும் வாட்டர் பம்பும் மாத்தினோம். ஸ்பிரிங் பட்டைகளை லோரி பட்டறையில் மறுபடி வளைச்சு வாங்கினோம். டயர் 7.50-16 அளவு, சின்ன லோரிக்குப் போடுறதேதான், அதனால் மலிவா கிடைச்சது. மத்த சாமானுக்குக் கேமரன் மலை ஏறினோம். அங்கே காய்கறித் தோட்டக்காரர்கள் இன்னமும் பழைய லேண்ட் ரோவரில்தான் மூட்டை இறக்குறாங்க. வண்டியின் வைத்தியம் தெரிஞ்ச கைகளும் அங்கே இருக்கு.

பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்கல. நாலு சக்கரத்துக்கும் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதுசு.

இப்போ ஹைலக்ஸ் கேள்விக்கு வருவோம். ஹைலக்ஸ் சொகுசுதான், மறுக்கல. ஆனா 12,000 வெள்ளிக்குக் கிடைக்கிற ஹைலக்ஸுக்கும் இதே அளவு வைத்தியம் தேவைப்படும். அடுத்த தடவை கெட்டா கம்ப்யூட்டர் வச்சுப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு போகணும். இந்த வண்டியை நம்ம பிள்ளைங்களே ஸ்பானர் பிடிச்சுக் கழட்டி மாட்டக் கத்துக்கிட்டாங்க. ஏழு பேர். அந்த அறிவு கோயிலிலேயே தங்கும்.

இன்னொன்று. கோயிலில் கல் பெயர்ந்தா மூலஸ்தானத்தையே மாத்துறதில்லை. பாலாலயம் வச்சு, பழுதானதை மட்டும் மாத்தி, கும்பாபிஷேகம் செய்றோம். ஜீரணமானதை உத்தாரணம் பண்றதுதான் நம்ம வழக்கம். வண்டிக்கும் அதையே செஞ்சோம்.

வர்ற வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு எலுமிச்சம்பழம் வச்சு, பூசணி உடைச்சு, முதல் ஓட்டம். இனி வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் மெயின் ரோட்டு ஆலமரத்தடியில் வண்டி நிக்கும். முன் இருக்கை எழுபது வயசு தாண்டினவங்களுக்கு மட்டும். ஓட்டுற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சேறு வர்றதுக்கு முன்னாடியே மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சக்கரத்தையும் சேர்த்துக்குங்க. ஏத்தத்தில் சிவப்பு லீவரை இழுத்து மெதுவா ஏறுங்க. பின் சக்கரத்து உள்தண்டு இந்த வண்டியின் பலவீனம், அவசரப்பட்டு முறுக்கினா உடைஞ்சிரும்.

வரவு செலவுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கு. வீட்டில் பெரியவங்க இருந்தா வெள்ளிக்கிழமை கட்டாயம் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு காலத்தில் இந்த வண்டியைப் பார்த்து சைக்கிளை விட்டு இறங்கினவங்க, இனி இதில் ஏறித்தான் அம்மனைப் பார்க்க வரணும்.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள்