நிதி இல்லை என்பது பதிலாகாது

1992 ஜூலையில், மேற்கு வங்கத்தின் மதுராபூர் ரயில் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை; கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் படுக்கை காலியில்லை, இன்னோரிடத்தில் மூளைக் காயத்துக்குச் சிகிச்சை வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்தே பிழைத்தார். அவரும் அவர் சார்ந்த தொழிலாளர் சங்கமும் தொடுத்த வழக்கில் 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் அவசர சிகிச்சைக்கான நிதியை அரசின் கருணையாக அல்லாமல் கடமையாக்கியது. 25,000 ரூபாய் இழப்பீட்டோடு அது நிற்கவில்லை. மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகளைத் தரம் உயர்த்த வேண்டும், எங்கே படுக்கை காலி என்பதை உடனே அறியத் தகவல் தொடர்பு வேண்டும், ஆம்புலன்ஸ் வசதி வேண்டும் என்றது.

பட்ஜெட் போடுவது நீதிமன்றத்தின் வேலையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. பணமில்லை என்று கைவிரிக்க அரசுக்கு இடமில்லை என்றது, அவ்வளவே. தீர்ப்பு வந்தும் எல்லாம் மாறிவிடவில்லையே என்பது அடுத்த வாதம். உண்மைதான். தமிழ்நாட்டில்கூட 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல்தான் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்புவரை, அரசே ஏற்கும் திட்டம் 2021இல்தான் வந்தது. ஆனால் உரிமை தாமதமாக நிறைவேறுவதால் உரிமை இல்லையென்று ஆகாது. தங்கள் ஊர் மருத்துவமனைக்கு அவசர சிகிச்சைப் பிரிவு வேண்டுமென்று மனு கொடுப்பவர்கள் சலுகை கேட்கவில்லை. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தந்த உயிர் வாழும் உரிமையைத்தான் கேட்கிறார்கள்.