நீண்ட விமானப் பயணமும் கால் சிரைகளில் இரத்த உறைவும்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காண உத்திரமேரூரிலிருந்து புறப்படுவோர், சென்னை விமான நிலையத்தை அடையவே சாலை வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் பத்து மணி நேரத்திற்கும் மேலாகும்.

நெடுநேரம் அசையாதிருந்தால், கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுவது குறைகிறது. தேங்கும் இரத்தம் ஆழ்ந்த சிரைகளில் உறையக்கூடும். இதுவே ஆழ்சிரை இரத்த உறைவு. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தொடரும் பயணத்தால் இந்த அபாயம் சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. எனினும் பாதிப்பு ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே ஏற்படுகிறது. பேருந்து, ரயில், கார் பயணங்களுக்கும் இது பொருந்தும்.

யார் முன்கூட்டியே மருத்துவரை அணுக வேண்டும்?

• முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்கள்
• அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• புற்றுநோயாளிகள்
• கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள்
• ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள்
• உடல் பருமன் உள்ளவர்கள்

பயணத்தின்போது செய்ய வேண்டியவை

• நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். இயன்றபோதெல்லாம் எழுந்து நடந்து வாருங்கள்.
• அமர்ந்தபடியே குதிகால்களையும் முன்பாதங்களையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்துங்கள்.
• போதிய நீர் அருந்துங்கள். மது, உறக்க மாத்திரை ஆகியவற்றைத் தவிருங்கள்.
• கால் வைக்கும் இடத்தில் பைகளை அடுக்காதீர்கள்.
• அழுத்தக் காலுறை, ஆஸ்பிரின் ஆகியவற்றை மருத்துவர் கூறாமல் பயன்படுத்தாதீர்கள். கால்களில் இரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்கு இறுக்கமான காலுறை தீங்கு செய்யலாம்.

ஊர் திரும்பிய பின்

அபாயம் விமானத்தை விட்டு இறங்கியவுடன் நீங்குவதில்லை. சில வாரங்கள் வரை நீடிக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, வெப்பம், நிறமாற்றம் தோன்றினால், அதைப் பயணக் களைப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். உறைந்த கட்டி பெயரக்கூடும். அன்றைய தினமே உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அண்மையில் நெடும்பயணம் செய்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.