சாக்குப் பையிலிருந்த சறுக்குக் காலணி

வரலாறு என்றதும் மன்னரும் போர்க்களமும் மாணவர் நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும், மனிதன் தன் காலில் பூண்ட ஒரு கருவிக்கும் வரலாறு உண்டு. உறைந்த ஏரியைக் கண்டறியாத நம் மாணவர்க்குச் சறுக்குக் காலணி புதுமையான பொருளே. ஆயினும், அதன் கதை வறுமையும் அறிவும் உழைப்பும் கலந்த மனிதரின் கதையாதலின், நமக்கு அது முற்றிலும் அயலானதன்று.

கிறித்துவுக்கு முன்பே வட ஐரோப்பிய மக்கள் குதிரை, மாடு ஆகியவற்றின் கால் எலும்புகளைத் தேய்த்துப் பாதத்தின் அடியில் கட்டிக்கொண்டு பனிக்கட்டியின்மீது சென்றனர். 12ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரை வருணித்த வில்லியம் ஃபிட்ஸ்டீபன், உறைந்த சதுப்பு நிலத்தில் இளைஞர்கள் இவ்வாறு விளையாடியதைக் குறித்துள்ளார். எலும்புக்குக் கூர்விளிம்பு இல்லை. ஆதலால் இரும்பு முனை கொண்ட கோலை ஊன்றியே முன்னேற வேண்டியிருந்தது. பின்னர் நெதர்லாந்து மக்கள் மரக்கட்டையின் அடியில் இரும்பு அலகைப் பொருத்தினர். விளிம்பு பனிக்கட்டியைப் பற்றவே, காலே உந்துகோலாயிற்று. கைகள் விடுதலை பெற்றன. கைகள் விடுதலை பெற்றதால்தான், பிற்காலத்தில் வளைகோலைப் பிடித்துப் பனித்தளத்தில் ஆட முடிந்தது.

1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், கனடாவின் மான்ட்ரியால் நகரில் விக்டோரியா சறுக்கு அரங்கில், ஐஸ் ஹாக்கியின் முதல் உள்ளரங்கப் போட்டி முறையாக நடைபெற்றது. அக்காலத்தில் அலகு வேறு, காலணி வேறு. சாதாரணக் காலணியின் அடியில் அலகை வாராலோ இரும்புப் பிடியாலோ இறுக்கிக்கொள்வர். ஆட்டம் விரைவுற விரைவுற, இரண்டையும் ஒன்றாக இணைக்கும் தேவை எழுந்தது.

கனடாவின் பிராண்டன் நகரில் ஜார்ஜ் டாக்கபெரி என்னும் காலணித் தொழிலாளர் வாழ்ந்தார். ஜோ ஹால் என்னும் ஆட்டக்காரர், தம் காலணிகள் விரைவில் நைந்துபோகின்றன என்று அவரிடம் முறையிட்டார். டாக்கபெரி, ஈரத்தில் எளிதில் நீளாத கங்காருத் தோலைத் தேர்ந்து, குதிகாலையும் பாதத்தின் வளைவையும் தாங்குமாறு புதிய காலணியைத் தைத்தார். 1937இல் அவர் மறைந்தபின், சி.சி.எம். நிறுவனம் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அடிப்பட்ட காலின் குறையைச் செவிமடுத்த ஒரு கைவினைஞரின் பெயர், இவ்வாறு நாடெங்கும் பரவிற்று.

இனி, ஒரு சிறுவனின் காலுக்கு வருவோம். கோர்டி ஹாவ் 1928இல் கனடாவின் சாஸ்கச்சவான் மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளைக் கொண்ட ஏழைக் குடும்பம் அது. உலகப் பொருளாதார மந்தக் காலத்தில், ஒரு பெண் சாக்குப் பை நிறையப் பழம்பொருள்களைக் கொண்டுவந்து, வாங்கிக்கொள்ளுமாறு வேண்டினார். ஹாவின் தாயார் தம் வறுமையிலும் இரங்கி, ஒன்றரை டாலர் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். பையினுள் ஒரு சோடிச் சறுக்குக் காலணி இருந்தது. ஒன்றை ஹாவும் மற்றொன்றை உடன்பிறந்தாளும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒற்றைக் காலில் சறுக்கினர். பின்னர் இரண்டும் ஹாவிடமே வந்து சேர்ந்தன. அளவில் பெரியனவாதலின், காலுறைகளை அடைத்து அணிந்தார்.

பள்ளியில் ஹாவ் பின்தங்கிய மாணவர். எழுத்துகளைப் படித்தறிவதில் அவருக்கு இயல்பான இடர்ப்பாடு இருந்தது. ஆயினும் 1946இல், தம் பதினெட்டாம் வயதில், டெட்ராய்ட் அணிக்காகக் களமிறங்கினார். 1971இல் ஓய்வு பெற்றவர், 1973இல் மீண்டும் வந்து தம் இரு புதல்வருடன் ஒரே அணியில் ஆடினார். 1980இல் விடைபெற்றபோது அவருக்கு வயது 52. தேசிய ஹாக்கிச் சங்கப் போட்டிகளில் அவர் அடித்த 801 கோல்கள், 1994வரை முறியடிக்கப்படாத சாதனையாய் நின்றன. அவர் ஆடத் தொடங்கிய நாளில் எஃகுக் குழலில் பொருத்தப்பட்டிருந்த அலகு, 1970களின் இறுதியில் இலேசான பிளாஸ்டிக் தாங்கிக்கு மாறத் தொடங்கியது. ஒருவர் வாழ்நாளுக்குள் ஒரு கருவியின் வரலாறே புரண்டது. 2016இல் ஹாவ் மறைந்தார்.

இன்று உயர்தரச் சறுக்குக் காலணி ஒரு சோடியின் விலை 1,000 கனடிய டாலரையும் தாண்டுகிறது. கருவி வளர்ந்தது, அது ஏழைச் சிறுவனுக்கு எட்டாத உயரத்திற்கும் வளர்ந்துவிட்டது. இரக்கத்தால் வாங்கிய ஒரு பை இல்லையேல், ஹாவின் ஆற்றல் வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. எழுத்தில் தடுமாறும் மாணவன் நம் வகுப்பறையிலும் இருக்கின்றான். அவன் ஆற்றல் எத்துறையில் உறைந்து கிடக்கின்றது என்று தேடுவதும், அதற்குரிய கருவியை அவன் கைக்கெட்டச் செய்வதும் ஆசிரியரின் கடமைகளுள் தலையாயவை.