உதகமண்டலச் சட்டப் பேரவைக் கூட்டம் (1959)

சென்னை மாநிலச் சட்டப் பேரவை 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் அரன்மோர் அரண்மனையில் கூடியது. இன்று 'தமிழகம்' எனும் அரசு விருந்தினர் மாளிகை அது. அப்போது முதலமைச்சர் காமராசர். பேரவைத் தலைவர் உ. கிருஷ்ணராவ்.

பின்னணி: ஆங்கிலேயர் காலத்தில் உதகமண்டலம் (உதகை) சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக இருந்தது.

பள்ளிக் கல்வி: உதகைக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் பேரவை பள்ளிக் கல்வியைக் கையாண்டது. காமராசருக்கு முன்பிருந்த இராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், 'குலக்கல்வி' எனக் கண்டிக்கப்பட்டு, பேரவையில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. 1954இல் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. பின்னர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியது. பிற்காலத்தில், சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் பேரவையில் நிறைவேறியது.

முதியோர் நலம்: மாநிலத்தின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, 60 வயது நிறைந்தோர் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம்.

இன்றைய பிரதிநிதித்துவம்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று தொகுதிகள் நீலகிரியிலிருந்து பேரவைக்கு உறுப்பினர்களை அனுப்புகின்றன. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இத்திட்டங்கள், சட்டங்களின் பயனைக் கொண்டுசேர்ப்பது அவர்களின் கடமை.