நோய்ப்பெயரும் நிறமும்: உளமருத்துவ நிர்ணயத்தில் விழுமியம், இனம், அதிகாரம்

1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் உளநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. இனி மருத்துவரின் சொந்த விருப்பு வெறுப்புக்கு நோயறிதலில் இடமிருக்காது என்ற நம்பிக்கையை அது உண்டாக்கியது. இன்ன அறிகுறிகள் இத்தனை காலம் நீடித்தால் இன்ன நோய் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது. எட்டாண்டுகள் கழித்து மார்ட்டி லோரிங், பிரையன் பவல் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். 290 உளமருத்துவர்களிடம் நோயாளி பற்றிய குறிப்புகளைக் கொடுத்து முடிவு கேட்டார்கள். குறிப்புகளில் நோயாளியின் பாலும் இனமும் மட்டுமே மாற்றப்பட்டிருந்தன. கறுப்பின ஆண் என்று எழுதியிருந்தபோது சந்தேக வகை மனச்சிதைவு (பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா) என்ற முடிவு கூடுதலாக வந்தது. வெள்ளையரைப் பற்றிய அதே குறிப்பில் கண்டதைவிட அதிகமாக வன்முறையையும் ஆபத்தையும் மருத்துவர்கள் கறுப்பினத்தவரிடம் கண்டார்கள்.

பட்டியல் கையில் இருந்தும் இது ஏன் நேர்ந்தது? மருத்துவர்களின் தனிப்பட்ட நிறவெறிதான் காரணம் என்பது எளிய விடை. ஆனால் அது போதாது. உளநோயறிதலில் விழுமியம் கலந்தே தீரும் என்பது இக்கட்டுரையின் முதல் கருத்து. ஏட்டில் எழுதிய விழுமியத்தோடு வாதாடலாம். நடைமுறையில் மறைந்திருக்கும் விழுமியத்தோடு வாதாட முடியாது. இனப்பாகுபாடு தங்கியிருப்பது இந்த மறைவிடத்தில்தான் என்பது இரண்டாம் கருத்து.

எது இயல்பு?

மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. பேச்சையும் நடத்தையையும் பார்த்து, இவை இயல்பை மீறியவை என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ‘டிராப்பிட்டோமேனியா’ என்ற நோயாக அறிவித்தார். இதைப் போலி அறிவியல் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அவர் பிழை முறையியலில் மட்டும் இருக்கவில்லை. அடிமை முறையை அவர் இயல்பாக எடுத்துக்கொண்டார்; அப்படி எடுத்துக்கொண்டால் ஓட்டம் நோயாகத்தான் தெரியும்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இதே வேலை சத்தமில்லாமல் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஐயோனியா மருத்துவமனை ஆவணங்களை ஆராய்ந்த ஜொனாதன் மெட்ஸல், அங்கே மனச்சிதைவு நோயாளி என்ற பிம்பம் 1960-களில் மாறியதைக் காட்டுகிறார். அதற்கு முன் அந்தப் பெயர் பெரும்பாலும் வெள்ளையருக்கே சூட்டப்பட்டது. பிறகு டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த கறுப்பின ஆண்களுக்கு அதிகமாகச் சூட்டப்பட்டது. 1968-இல் வந்த டிஎஸ்எம் இரண்டாம் பதிப்பு, சந்தேக வகை மனச்சிதைவின் விளக்கத்தில் பகைமையையும் ஆக்ரோஷத்தையும் சேர்த்திருந்தது. அதே ஆண்டில் புரோம்பெர்க், சைமன் என்ற இரு மருத்துவர்கள் கறுப்பினத்தவரின் எதிர்ப்புணர்வை ‘எதிர்ப்பு மனப்பிறழ்வு’ என்றே பெயரிட்டு எழுதினார்கள். குடிமை உரிமைப் போராட்டத்தின் உச்சம் அது. 1974-இல் ஹால்டால் என்ற மனச்சிதைவு மருந்தின் விளம்பரமொன்றில், நகரத் தெருவில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் கறுப்பின மனிதர்தான் நோயாளி. கையேட்டில் இனம் பற்றி ஒரு சொல் மாறவில்லை. யாருடைய கோபம் நியாயம், யாருடைய கோபம் அறிகுறி என்ற தீர்ப்பு மட்டும் மாறியிருந்தது.

இரு மறுப்புகள்

அப்படியானால் உளநோய் என்பதே கட்டுக்கதைதானே என்று உளமருத்துவர் தாமஸ் சாஸ் வழியில் ஒருவர் கேட்கலாம். அந்த முடிவு நோயாளிக்கு உதவாது. மனநிலைக் கோளாறு உள்ள கறுப்பின நோயாளிக்கு மனச்சிதைவு என்று முத்திரை விழும்போது, அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகிறது. நோய் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த இழப்பைக் கணக்கில் கொள்ள முடியும்.

இரண்டாம் மறுப்பு வலுவானது. லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்து 2006-இல் வெளியான ஏசாப் ஆய்வு, கரீபிய வம்சாவளியினரிடம் மனச்சிதைவு வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்றது. முறையான நேர்காணல் கருவிகளைக் கொண்டு எட்டிய முடிவை வெறும் தவறான நோயறிதல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கரீபியத் தீவுகளிலேயே செய்த ஆய்வுகளில் இந்த உயர்வு தென்படவில்லை. எனவே பிரிட்டனில் வாழ்ந்த வாழ்க்கையே விசாரிக்கப்பட வேண்டியதாகிறது. அதிகாரம் மருத்துவமனை வாசலுக்கு வெளியிலும் வேலை செய்கிறது. நோய்ப்பெயரோ அதன் விளைவைத் தனிமனிதரின் மூளைக்குள் வைத்து மூடிவிடுகிறது. இலங்கையில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய உளமருத்துவர் சுமன் பெர்னாண்டோ 1980-களிலிருந்தே இனவாதத்தைத் தன் துறையின் அமைப்புக்குள் தேடச் சொல்லி எழுதிவந்தார்.

இங்கிலாந்தின் நார்விச்சில் மனச்சிதைவு நோயாளியாக இருந்த கறுப்பினத்தவரான டேவிட் பென்னெட்டின் கதை இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. 1993-இல் அவர் மருத்துவமனைச் செவிலியர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்: கறுப்பின நோயாளிகள் பலர் இருக்க, ஊழியர்களில் அவ்வினத்தவர் யாரும் இல்லையே என்று. 1998-இல் சக நோயாளி ஒருவர் அவரை இன வசையால் திட்டினார், கைகலப்பு மூண்டது. வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னெட்தான். அங்கே செவிலியர் ஒருவரை அவர் தாக்க, ஊழியர்கள் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். அந்தப் பிடியில் உயிர் போனது. 2004-இல் வெளியான விசாரணை அறிக்கை, நிறுவனமயமான இனவாதம் பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் இருப்பதாகச் சொன்னது. தன் சூழலை அவ்வளவு தெளிவாகக் கண்டு எழுதிய மனிதரின் கோபத்தை வார்டு அடக்க வேண்டிய ஒன்றாக மட்டுமே பார்த்தது.

எழுத வைத்தல்

தன்பால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்க 1973-இல் அமெரிக்கச் சங்கத்தின் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு உறுப்பினர் வாக்கெடுப்பு 5,854-க்கு 3,810 என்று அதை உறுதிசெய்தது. வாக்குப்போட்டு நோயை நீக்குவதா என்ற கேலி இன்றும் உண்டு. எனக்கு அது நேர்மையான நிகழ்வாகவே படுகிறது. விழுமியம் ஏட்டில் இருந்தது, பாதிக்கப்பட்டவர்கள் அதைச் சுட்டிக்காட்டி வாதாடினார்கள், அது போனது. இனப்பாகுபாட்டை அப்படி அடித்துவிட ஏட்டில் ஒரு வரியும் இல்லை. 2021-இல் அச்சங்கம் தன் இனவாத வரலாற்றுக்கு மன்னிப்புக் கேட்டது. அதனாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு பண்பாட்டு நேர்காணல் ஒன்றைத் தந்தது. அதன் பதினாறு கேள்விகளில் கடைசிக் கேள்விதான் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான பின்னணி வேறுபாட்டைத் தொடுகிறது. அதிலும் மனக்குறையைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அதைக் கேட்பவரோ, அவரை அடைத்துவைக்கப் பரிந்துரைக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்கக்கூடும்.

ஜான் சாட்லர், பில் ஃபுல்ஃபோர்ட் போன்ற உளமருத்துவ மெய்யியலாளர்கள் நோயறிதலில் விழுமியங்களை வெளிப்படையாக்கச் சொல்கிறார்கள். அதை நடைமுறை விதியாக்க வேண்டும். ‘பகைமை காட்டுகிறார்’ என்று எழுதும் மருத்துவர், என்ன செயல், எந்தச் சூழலில், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். நோயாளியின் சொந்த விளக்கம் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும். அடைத்துவைக்கும் முடிவில் பங்கில்லாத ஒருவர் இரண்டையும் படித்துப் பார்க்க வேண்டும். இதனால் விழுமியம் மறையாது. ஆனால் 1973-இல் கிடைத்தது போல், எதிர்த்து வாதாட எழுதப்பட்ட ஒரு வரி நோயாளியின் கைக்குக் கிடைக்கும்.