யானை வேட்டையும் ஈயக் குண்டும்
— மட்டக்களப்பின் மேலைக் காடுகளை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு —

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்பதே பொருள். எழுவான்கரை மக்களுக்குக் கடலும் தென்னையும் எவ்வாறோ, அவ்வாறே படுவான்கரை மக்களுக்கு வயலும் காடும். வெல்லாவெளி, உன்னிச்சை, புல்லுமலை முதலிய ஊர்களைக் கடந்து மேற்கே சென்றால் வேடர் வாழ்ந்த விந்தனைக் காடும், அதற்கப்பால் ஊவா மலைகளும் எதிர்ப்படும். மலையடிவாரத்திலிருந்து கிழக்குக் கரையை நோக்கிப் பரந்து, இடையிடையே மரச்சோலைகளும் புல்வெளிகளுமாய் விளங்கிய இந்நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வேட்டைக்காரர் 'பூங்கா நாடு' என்று அழைத்தனர். அவர்தம் நூல்களிலே இப்பெயர் பெரும் ஆசையோடு குறிக்கப்பெறுகின்றது. அவ்வாசைக்குக் காரணம் யானை.

எத்துணை யானைகள் வீழ்ந்தன என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே அச்சந் தருவதாகும். பதுளையில் அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பது அக்காலத்தார் கூற்று. அவர் 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்வே என்னும் கப்டனும், தெருக்கள் அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னரும் அவருக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணப்பட்டனர். தனிமனிதர் செயல் இவ்வாறாக, அரசாங்கமும் தன் பங்கைச் செய்தது. பயிரழிவைத் தடுக்கும் பொருட்டுத் தலைக்கு இத்தனை சிலிங் என வெகுமதி கொடுத்தபடியால், 1848க்கு முந்திய மூன்றாண்டு நிறைவதற்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் ஏறத்தாழ 2,000 யானைகளும் கொல்லப்பட்டன எனச் சேர் எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். தெனன்ற் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தவர். இவ்வேட்டையில் வீரம் ஏதும் இருப்பதாக அவர் கருதவில்லை.

ஆபிரிக்காவில் யானையைச் சுட்டோர் தந்தத்துக்காகச் சுட்டனர். ஈழத்து யானைகளுள்ளோ கொம்பன்கள் மிகச் சில. நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாது என்பது தெனன்றின் கணிப்பு. ஆகவே இங்கு நடந்தது பெரும்பாலும் வணிகமன்று, பொழுதுபோக்கே. பொழுதுபோக்காகக் கொல்பவனுக்கு ஒரு கேள்வியேனும் மிஞ்சுகின்றது: கொல்லப்படும் விலங்கு எவ்வளவு நேரம் துன்புறலாம்? வேட்டைத் துவக்கின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே செல்கின்றது எனின் மிகையாகாது. அதற்கு விடை துவக்கின் விலையிலன்று, குண்டின் தன்மையிலேயே பெரிதும் தங்கியிருந்தது.

இதனை ஈழத்துக் காடுகளில் நின்று முறையாக ஆராய்ந்தவர் சேர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் பண்ணை அமைத்து ஏறத்தாழ எட்டாண்டுகள் வாழ்ந்து, 1855இல் நாடு திரும்பியவர். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று பெரும்பெயர் பெற்றார். ஈழத்து வேட்டையைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1854இல் வெளிவந்தது. அவர் கையாண்ட துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. அதன் குண்டு 4 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 113 கிராம். ஒரு வெடிக்கு 16 திராம் கருமருந்து இடப்படும். இதனோடு 2 அவுன்சுக் குண்டு எறியும் 16 இறாத்தல் துவக்கு ஒன்றும், பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கும் அவரிடம் இருந்தன. 'பத்தாம் இலக்கம்' என்பது ஓர் இறாத்தல் ஈயத்தில் வார்க்கப்படும் பத்து உருண்டைகளில் ஒன்று அக்குழலுக்குப் பொருந்தும் என்பதைக் குறிக்கும். இலக்கம் குறையக் குண்டு பெருக்கும் என்பது இளம் மாணவரைக் குழப்புவதொன்று.

இத்துணைப் பெரிய குண்டு எதற்கு? யானையின் தலையை அறிந்தோர்க்கு இது விளங்கும். அதன் நெற்றி மேடு முழுவதும் மூளையன்று. தேன்கூடு போலக் காற்றறைகள் நிரம்பிய எலும்பே அவ்வுயரத்தை ஆக்குகின்றது. மூளை சிறியது, பின்னே தாழ்வாக, இரு காதுத் துளைகளுக்கும் இடைப்பட்ட நிலையில் அமைந்தது. நெற்றி மேட்டைக் குறிவைத்துச் சுடும் பழக்கமற்றவனின் குண்டு காற்றறைகளுள்ளே புதைந்து நின்றுவிடும். யானை திகைத்துத் திரும்பிக் காட்டுக்குள் மறையும். சுட்டவன் இரவு கூடாரத்தில் உண்டு உறங்குவான். யானை மாதக்கணக்கில் சீழ் வடியும் புண்ணோடு அலையும். தந்தம் கடைவோர் பழைய குண்டுகளைத் தந்தத்தின் உள்ளே கண்டெடுப்பதும் அறிந்த செய்தியே.

மென்மையான தூய ஈயம் எலும்பில் மோதியவுடன் தட்டையாகி விடும், ஊடுருவாது. இதனைத் தடுக்க ஈயத்தைக் கடினமாக்க வேண்டும். வெள்ளீயம் கலந்தால் கடினமாகும். ஆயின் நிறை குறையும். பேக்கர் பிற்காலத்தில் சிறந்ததெனக் கண்டது பத்தில் ஒன்பது பங்கு ஈயமும் ஒரு பங்கு பாதரசமும் சேர்ந்த கலவை. பாதரசம் ஈயத்தினும் பாரமானது. ஆதலால் கடினமும் நிறையும் ஒருங்கே கிட்டின. செய்முறையில் ஒரு நுட்பம் உண்டு. பாதரசத்தைப் பெரிய ஈயப் பாத்திரத்தில் ஊற்றினால் சூட்டில் ஆவியாகிப் போகும். எனவே ஈயத்தைத் தனியே உருக்கி, மூன்று நான்கு குண்டுகளுக்குப் போதுமான அளவை மட்டும் அகப்பையில் எடுத்து, அதில் பாதரசத்தைச் சேர்த்து விரைவாகக் கிளறி வார்த்தல் வேண்டும். அந்த ஆவி நஞ்சென்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்தது.

மானுக்கும் மரைக்கும் இக்கடினக் குண்டு பொருந்துமோ? பொருந்தாது. மெல்லுடல் விலங்கை அது ஊசி போலத் துளைத்து மறுபுறம் வெளியேறி விடும். விலங்கு ஓடி நெடுநேரங் கழித்துச் சாகும். இத்தகைய விலங்குகளுக்குத் தூய ஈயமே ஏற்றது. குண்டு உள்ளே விரிந்து, தன் விசை முழுவதையும் செலவிட்டு, எதிர்ப்புறத் தோலின் கீழே நின்றுவிட வேண்டும் என்பது பேக்கரின் முடிபு. பிற்காலத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்னும் வேகத் துவக்குகளும் முனையில் துளையுள்ள குண்டுகளும் பெருவழக்கான போது, பெரிய விலங்குகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதை அவர் 1890இல் எழுதிய நூலில் வன்மையாகக் கண்டித்தார். துளைக்குண்டு தோலருகிலேயே சிதறி, பெரிய புண்ணை உண்டாக்கி, உயிர்நிலையை எட்டாது போய்விடும் என்பதே அவர் காட்டிய காரணம். பேக்கரும் இரக்கத்தின் திருவுருவம் அல்லர். அவர் நூல்களில் வீழ்ந்த விலங்குகளின் தொகை பெரிது. ஆயினும் காயப்படுத்தி விடுவது இழுக்கு என்னும் உணர்வு அவரிடம் இருந்தது.

புகையில்லா மருந்து வந்தபின் நிலைமை முற்றாக மாறியது. இலண்டன் றிக்பி நிறுவனத்தார் 1898இல் வெளியிட்ட .450 றைபிளின் குண்டு ஏறத்தாழ 31 கிராம் மட்டுமே. பேக்கரின் பெருங்குண்டில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆனால் செக்கனுக்கு 2,150 அடி வேகத்தில் செல்லும் அது, உலோக உறை முழுவதும் மூடியிருந்தமையால் எலும்பில் சிதையவில்லை. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்பார் இன்னும் சிறிய .275 றைபிளையே பெரும்பாலும் விரும்பினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தைக் கற்றிருந்தபடியால் அவருக்கு அது போதுமானதாயிற்று. அக்கல்வியற்றவன் கையில் அதே துவக்கு கொடுமையே விளைக்கும்.

இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் உறையின் முனை திறந்த, உடலில் விரியும் குண்டு ஆக்கப்பட்டது. மனிதரை அளவுக்கு மிஞ்சி வதைப்பது என்ற காரணத்தால் 1899ஆம் ஆண்டு ஹேக் நகர மகாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. பிரித்தானியாவின் 1963ஆம் ஆண்டு மான் சட்டமோ இதற்கு நேர்மாறானது: மானைச் சுடும் றைபிளின் குண்டு மென்முனை அல்லது துளைமுனை உடையதாயிருத்தல் அச்சட்டப்படி கட்டாயமாயிருந்தது, குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறைதலும் ஆகாதிருந்தது. போர்வீரன் காயமுற்று விழுந்தால் அவனைத் தூக்கிச் செல்ல வைத்தியன் உளன். காயமுற்ற மானுக்கு எவருமிலர். ஆகவே ஒருவனுக்குக் கொடுமையாவது மற்றதற்கு இரக்கமாகின்றது.

இவையெல்லாம் மேனாட்டார் கதை. இம்மண்ணின் மக்கள் யானையை வேறு வழியிலும் அறிந்திருந்தனர். ஏறாவூர்ப் பணிக்கர்மார் துவக்கின்றி, தோற்கயிற்றுச் சுருக்குடன் காட்டுக்குள் நுழைந்து, யானையின் பின்காலில் கயிற்றை மாட்டி மரத்தில் பிணித்து உயிரோடு பிடித்தவர்கள். காற்று வீசும் திசையையும் சுவட்டையும் இலத்தியையும் கொண்டு யானையின் நடமாட்டத்தை உணரும் அவர்தம் அறிவை, ஆயிரம் யானை சுட்டவரின் அறிவோடு ஒப்பிட்டால் எது பெரிதென்று சொல்லத் தேவையில்லை.

வேட்டையைக் கட்டுப்படுத்தும் முயற்சி மெல்லவே வந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தொடங்கியோருள் பலர் வேட்டைக்காரரே. 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்புக்கு உறுதியான அடிப்படை இட்டது. அம்பாறை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் இருந்த காலத்திலே, 1954இல், கல்லோயா தேசியப் பூங்கா அமைக்கப்பெற்றது. அம்பாறை 1961இல் தனி மாவட்டமாயிற்று.

றைபிள்காரரின் காலம் ஓய்ந்தது, காயம் ஓயவில்லை. காடு வயலாகவும் குடியேற்றமாகவும் சுருங்க, யானையும் மனிதனும் ஒரே வரம்பில் எதிர்ப்படுகின்றனர். 2019 முதல் இலங்கையில் ஆண்டுதோறும் 300க்கு மேற்பட்ட யானைகள் மாண்டு வந்துள்ளன. மனிதர் பலரும் யானையால் உயிரிழக்கின்றனர். பன்றிக்கெனக் கட்டப்படும் கட்டுத்துவக்கின் சன்னங்கள் யானையின் காலில் தைக்கின்றன. பூசணிக்காயிலோ வேறு தீனியிலோ மறைத்து வைக்கப்படும் 'ஹக்கபட்டாஸ்' என்னும் வாய்வெடி தாடையைச் சிதைக்க, உண்ண வழியின்றிப் பல நாள் பட்டினியாய் அது சாகின்றது. பேக்கர் இழுக்கென்று கருதியதனிலும் இது கொடியது. எனினும், ஆறுமாத உழைப்பை ஒரே இரவில் இழக்கும் கமக்காரனை மட்டும் குறை கூறுவதும் நீதியாகாது. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் சில யானைவெடிகளும், பழுதுற்ற மின்வேலியுமே. படுவான்கரையில் கதிர் முற்றும் மாதங்களில் அவன் பரணில் தீ மூட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு, விடியும் வரை விழித்திருக்கின்றான்.