எடையா, நீளமா? ரைஃபிள் குண்டுத் தேர்வின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

ஒரே குழல் விட்டமுள்ள ரைஃபிளுக்குப் பல எடைகளில் குண்டுகள் கிடைக்கின்றன. .308 வின்செஸ்டருக்கு 150, 168, 175, 180 கிரெயின் என வரிசை நீள்கிறது. 7000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு. ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெயின். கனமான குண்டு வலியது, இலேசான குண்டு விரைவானது என்ற பொதுக் கருத்தை வைத்தே பலர் இவற்றுள் ஒன்றைத் தேர்கின்றனர். எடையை மட்டும் நம்பி எடுத்த முடிவுகள் வரலாற்றில் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டுள்ளன. குண்டின் நீளம், வடிவம், உள்ளமைப்பு ஆகிய மூன்றுமே விளைவைத் தீர்மானித்தன. எடை அவற்றைப் பின்தொடர்ந்தது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருண்டைக் குண்டின் எல்லை

குண்டின் பறத்தலை அளந்தறியும் இயலுக்கு அடித்தளமிட்டவர் ஆங்கிலக் கணிதர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளிவந்த தம் நூலில், ஊசல் ஒன்றின் மீது குண்டைப் பாய்ச்சி அதன் வேகத்தைக் கணக்கிடும் முறையை அவர் விளக்கினார். காற்றின் தடை அதுவரை கருதப்பட்டதைவிட மிகப் பெரிது என்பது இதனால் தெரியவந்தது. உட்சுவரில் திருகுக் காடி வெட்டிய குழலின் சிறப்பைப் பற்றியும் அவர் எழுதினார். முட்டை வடிவக் குண்டையும் பரிந்துரைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர், 1751இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

அவருடைய பரிந்துரை நடைமுறைக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை ஆட்சி செய்தது ஈய உருண்டை. உருண்டையில் எடையும் விட்டமும் பிரிக்க முடியாதவை. எடையைக் கூட்ட வேண்டுமானால் குழலையும் அகலமாக்கியே தீர வேண்டும். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸிடம் செய்வித்த ரைஃபிள் 21 பவுண்டு எடையுள்ளது. அது எறிந்த உருண்டையின் எடை 3 அவுன்ஸ், அதாவது 1300 கிரெயினுக்கும் மேல்.

ஒரே எடை, இரு விளைவுகள்

எடையை விட்டத்திலிருந்து விடுவித்தது நீள்குண்டு. பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு .577 அங்குலக் குழலில் 530 கிரெயின் குண்டைச் செலுத்தியது. அதன் காடி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஜோசப் விட்வொர்த் அதே 530 கிரெயினை .451 அங்குல அறுகோணக் குழலுக்குள் ஒடுக்கினார். குண்டு மெலிந்து நீண்டது. காடியை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அவர் முறுக்கினார். 1857 சோதனைகளில் 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2 அடியைத் தாண்டியது. விட்வொர்த்தினுடையது அரை அடிக்கும் குறைவு. எடை மாறாதிருக்க, துல்லியம் மட்டும் இவ்வளவு மாறியது. இந்த வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இதற்குக் கணித வடிவம் தந்தவர் உல்விச்சில் கற்பித்த ஆல்ஃபிரட் கிரீன்ஹில். நீண்ட குண்டு பம்பரம்போல விரைந்து சுழலாவிட்டால் தலைகுப்புறக் கவிழும். 1879இல் அவர் வகுத்த விதிப்படி, விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்குத் தேவையான அங்குலம் கிடைக்கும். .308 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு விடை ஏறத்தாழ 12. ஈயக் குண்டுக்கென வகுத்த இவ்விதியில் எடைக்கென்று தனி இடமே இல்லை என்பது கருதத்தக்கது.

படைகளின் ஊசலாட்டம்

1884இல் பால் வியேய் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்து வேகத்தின் எல்லையை உயர்த்தியது. முதல் தலைமுறைக் குண்டுகள் மழுங்கிய முனையுடன் கனமாகவே இருந்தன: பிரான்சில் 232, ஜெர்மனியில் 227, பிரிட்டனில் 215 கிரெயின். ஜெர்மனி 1905இல் கூர்முனைக் குண்டுக்கு மாறி எடையை 154 கிரெயினாகக் குறைத்தது. அமெரிக்கா 1906இல் 220இலிருந்து 150க்கு இறங்கியது. வேகம் நொடிக்கு 2300 அடியிலிருந்து 2700 அடியாக ஏறியது. 1910இல் பிரிட்டன் 174 கிரெயினை ஏற்றது. அதன் முனையில் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்ததால் எடை குறைந்தும் நீளம் குறையவில்லை.

இலேசான குண்டுகள் அருகில் நேர்கோட்டை ஒட்டிப் பறந்தன. தொலைவில் விரைவிலேயே வேகமிழந்தன. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிகள் நெடுந்தொலைவுக்குச் சுட்டபோது இக்குறை வெளிப்பட்டது. ஜெர்மனி பின்புறம் ஒடுங்கிய 198 கிரெயின் குண்டுக்கும், அமெரிக்கா 1920களில் அதே வடிவிலான சுமார் 172 கிரெயின் குண்டுக்கும் சென்றன. அமெரிக்கக் குண்டோ பயிற்சித் திடல்களின் பாதுகாப்பு எல்லையைக் கடந்து பாய்ந்ததால், அந்நாடு மீண்டும் 152 கிரெயினுக்குத் திரும்பியது.

வேட்டையில் ஊடுருவலும் பொறுப்பும்

பேக்கர் 3 அவுன்ஸ் உருண்டையால் செய்ததை, ஆப்பிரிக்காவில் வால்டர் பெல் 7 மில்லிமீட்டர் மௌசரின் 173 கிரெயின் குண்டால் செய்தார். அவர் குண்டு மெலிந்து நீண்டது, முழுக் கவசமிட்டது. குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஏற்ற எடை மிகுதியாக இருந்ததால் நேராகவும் ஆழமாகவும் பாய்ந்தது. யானையின் மண்டையோட்டமைப்பை அவர் ஆழ்ந்து கற்றிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அறிவில்லாமல் அவர் குண்டைப் பின்பற்றுவது விலங்கைக் காயத்தோடு அலையவிடும் கொடுமையில் முடியும்.

மான் போன்ற விலங்குகளுக்குக் குண்டு உள்ளே விரிய வேண்டும். அதே சமயம் சிதறக் கூடாது. அமெரிக்கரான ஜான் நாஸ்லர் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குண்டில் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. முன்பாதி விரிய, பின்பாதி எடையைக் காத்து ஊடுருவியது. புறப்படும் எடையைவிட உடலுக்குள் எஞ்சும் எடையே முக்கியம் என்ற அளவுகோல் இவ்வாறு வலுப்பெற்றது.

முழுச் செம்புக் குண்டுகள் இதை மேலும் கொண்டுசென்றன. ஈயத்துண்டுகளைத் தின்று நஞ்சேறிய காண்டர் கழுகுகளைக் காக்க, கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுமையாக விலக்கியது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீள்கிறது, பழைய காடி போதாமல் போகலாம். செம்பு அவ்வளவாகச் சிதறாததால் ஒரு படி குறைந்த எடையே போதுமானதாகிறது.

இலக்குச் சுடுதல் தரும் சான்று

1959இல் சியரா நிறுவனம் 300 மீட்டர் போட்டிகளுக்கென வடிவமைத்த 168 கிரெயின் குண்டு பெரும்புகழ் பெற்றது. ஆயினும் .308இல் 1000 கெஜத்தை நெருங்கி ஒலிவேகத்துக்கு இறங்கும்போது அது தடுமாறியது. 175 கிரெயின் குண்டு அங்கும் நிலைத்தது. காரணம் 7 கிரெயின் வேறுபாடு மட்டுமன்று: முன்னதன் வால்சரிவு 13 பாகை, பின்னதனுடையது 9 பாகை.

5.56 மில்லிமீட்டர் வரலாறும் இதையே சொல்கிறது. 55 கிரெயின் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமாயிருந்தது. 1980களில் அமெரிக்கப் படை 7 அங்குலச் சுற்றுக்கு மாறியது 62 கிரெயின் குண்டுக்காக அன்று. அதைவிட ஏறத்தாழ 2 கிரெயினே கூடுதலான, ஆனால் மிக நீளமான ஒளிச்சுவட்டுக் குண்டுக்காக. அந்த முறுக்கே பின்னாளில் போட்டியாளர்கள் 77, 80 கிரெயின் குண்டுகளை 600 கெஜம் வரை நம்பிச் சுட வழி திறந்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஒரு வரிசை பெறப்படுகிறது. முதலில் குழலின் காடிச் சுற்றை அறிய வேண்டும். அது தாங்கும் நீளமே மேல் எல்லை. அடுத்து தொலைவு: நெடுந்தொலைவு இலக்குக்கு, அந்த எல்லைக்குள் காற்றை எளிதில் கிழிக்கும் நீண்ட குண்டு ஏற்றது. வேட்டையில் விலங்கின் உடலமைப்பும் குண்டின் உள்ளமைப்பும் அடுத்து வருகின்றன. எடை இறுதியில், இவற்றின் விளைவாகத் தானே அமையும். பெட்டியின் மேலுள்ள கிரெயின் எண்ணை முதலில் பார்த்துத் தொடங்கும் தேர்வு, விட்வொர்த் 1857இலேயே தீர்த்துவைத்த வழக்கை மறுபடி விசாரிப்பதாகும். துல்லியத்தை மதிக்கும் விளையாட்டு வீரருக்கும், வலியின்றி ஒரே குண்டில் முடிக்கும் கடமையுள்ள வேட்டைக்காரருக்கும் இந்த வரிசை பொதுவானது.